போன்களுக்கு அந்திப் பெரட்டு

வானத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு நீலத்துக்கு யார்கிட்ட கேட்ட?" என்று அதட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் லயத்தில் இருந்தார், அதுவும் என் பக்கத்துக் காம்பராவில். பைத்தியம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு அவர் பேச்சைக் கேட்டு ஒன்பது மணிக்கே குறட்டை விட ஆரம்பித்ததால் அப்படிச் சொல்லும் உரிமை எனக்குப் போய்விட்டது.

தோட்டத்தில் அவருக்கு நீலக் கங்காணி என்று பெயர். தோட்டம் முழுக்க நீலத்தை விரட்டியவருக்கு அந்த நீலமே பட்டமாக வந்து ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெரிய மனக்குறை. சொந்தப் பெயர் என்னவென்று ஐந்து வருடம் பக்கத்தில் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட விழாவுக்கு அழைப்பிதழ் எழுதும்போது கேட்டால், "கங்காணின்னு போட்டுக்குங்க டீச்சர், அது போதும்" என்பார்.

நான் அப்போது ஹல்துமுல்லைக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் விடுதியின் கூரை வெயில் காலத்திலும் ஒழுகும் அபூர்வக் கூரை. ஆகவே தோட்டத்தில் பார்த்து லயத்தின் கடைசிக் காம்பராவை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாகப் பத்துக் குடும்பம். இந்த வீட்டில் குழந்தை தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு" என்று சத்தம் வரும்.

காலை ஆறரைக்குத் தோட்டத்து ஹோன், அதாவது வேலைக்குக் கூப்பிடும் சங்கு, அடிக்கும். அதற்கு முன்னால் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நின்று பெயர் கொடுத்துவிட வேண்டும். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது முழு நாள் உழைத்தாலும் பாதி நாள் வந்ததாகத்தான் பதிவு. நம்முடைய கங்காணிக்குக் கீழே இருபத்து நாலு பேர், பெரும்பாலும் கொழுந்து எடுக்கும் பெண்கள். காலை நாலரைக்கே அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்புவார். அவர்கள் "எழும்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள். ஒன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகளுக்கு வாங்கிய போன்கள் வகுப்பு முடிந்த பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. இரவானால் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு நாடகம், ஒரு சமையல் வீடியோ, ஒரு நாய்க்குட்டி வீடியோ. மற்றவர்களைச் சொல்வானேன், நானே ஒரு நாடகத்தின் எழுபது பாகங்களை ஒரே வாரத்தில் பார்த்து முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தை நடத்தியவள்.

ஒரு மாதத் தொடக்கத்தில் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்தொரை கங்காணியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "மாசக் கடைசி நாள் நானே பெரட்டுக்கு வருவேன். உங்க ஆள்கள் இருபத்து நாலு பேரும் ஹோனுக்கு முன்னால வந்து நிக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் கங்காணி வேலை வேற ஒருத்தருக்குப் போயிரும்."

அன்று பொழுது சாய என் வாசலில் வந்து உட்கார்ந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"வேலை போறது கூடப் பெருசில்ல டீச்சர். மறுநாளும் மலைக்கு வேலைக்குப் போகத்தான் போறேன். ஆனா என்னைய என்னன்னு கூப்பிடுவாங்க? சொந்தப் பேரு எனக்கே மறந்து போச்சு. பொண்டாட்டி கூடக் கங்காணியாரேன்னுதான் கூப்பிடுவா. குவைத்துல அவ மேடம்கிட்ட, எங்க வீட்டுக்காரர் சூப்பவைசர்னு சொல்லி வச்சிருக்கா."

அவர் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில்தான் பதுளையிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து, பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார். நல்ல பேச்சு, தெளிவான பேச்சு. "பொழுது இருட்டினதும் நம்ம மூளையில ஒரு ஹோர்மோன் சுரக்கும். அதுதான் உடம்பைத் தூங்கத் தயாராகச் சொல்லுது. போன் வெளிச்சத்துல நீலம் அதிகம். அது கண்ணுல பட்டா மூளை இன்னும் பகல்னு நினைச்சுக்கும். ஹோர்மோன் வராது. தூக்கமும் வராது. அந்தியில வெளிச்சத்தைக் குறைங்க, போனை மஞ்சள் நிறத்துக்கு மாத்துங்க."

பின்வரிசையில் இருந்த கங்காணி என் தோளைத் தட்டினார்.

"டீச்சர், கேட்டீங்களா? மூளைக்குள்ள ஹோன் அடிக்குதாம்."

"ஹோன் இல்ல கங்காணியாரே. ஹோர்மோன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நம்ம தோட்டத்து ஹோன் பாம்னு அடிக்கும். இது மோன்னு அடிக்கும்போல."

நான் விளக்கம் கொடுக்க வாயைத் திறந்தேன். அவர் காதில் அது ஏறவில்லை. அவருக்குள் ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஹோன் அடித்தால் ஆட்களுக்குப் பெரட்டு. அந்தியிலும் ஒரு ஹோன் அடிக்கிறது, ஆனால் போன் வெளிச்சம் அதைக் கேட்கவிடாமல் செய்கிறது. அப்படியானால் அந்திப் பெரட்டு யாருக்கு?

"போன்களுக்கு" என்று அவர் எழுந்து நின்று சொன்னார். நர்ஸம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் மேலே கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் அந்தி ஆறரைக்கு லயத்து வாசலில் ஒரு கொழுந்துச் சாக்கை விரித்தார். காம்பராவுக்குக் காம்பரா போய், "ம், போன் எல்லாம் வெளிய வரட்டும்" என்று குரல் கொடுத்தார். சண்டை போட்டுப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், போனே இல்லை என்று சொல்லும்போதே இடுப்பில் போன் அடித்து மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் பதினேழு போன் சாக்கின் மேல் வரிசையில் நின்றன. நின்றன என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாய்ந்து கிடந்தவற்றை அவர் நிமிர்த்தி வைத்தார். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைத் திறந்து பெயர் கூப்பிட்டார்.

"பாக்கியம் போன்."

"வந்திருக்கு கங்காணியாரே" என்றாள் பாக்கியம். அந்தக் கூட்டத்தில் வாயிலும் கைவேகத்திலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"மஞ்சளா இருக்கா?"

"இருக்கு."

"முழுப்பேர். அடுத்தது செல்வராணி போன். என்ன இது, தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையா இருக்கு? அரைப்பேர்."

மூன்று அரைப்பேர் வாங்கிய போன் அன்று இரவு கங்காணி வீட்டு அரிசி டின்னுக்குள் படுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு கிழவர் பட்டன் போனைக் கொண்டு வந்து, "இதுல படமே ஓடாது, என்னைய விட்டுருங்க" என்றார். கங்காணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிலிருந்த டோர்ச் வெள்ளையாக எரிகிறது என்று அதற்கும் அரைப்பேர் போட்டார்.

என்னை என் சம்மதம் கேட்காமலே போன் டாக்டர் ஆக்கிவிட்டார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்த செட்டிங்குகளைத் தோண்டி, மஞ்சள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. சில போன்களில் அந்த வசதியே இல்லை. அவற்றுக்குக் கங்காணி பதுளைக் கடைத்தெருவுக்குப் போய், வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டும் மஞ்சள் கண்ணாடித் தாளைச் சுருள் சுருளாக வாங்கி வந்தார். வெசாக் முடிந்து நாலு மாதம். இவ்வளவும் எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம், "எங்க தோட்டத்துல தூக்கம் கட்டப் போறோம்" என்று சொல்லியிருக்கிறார்.

தாள் மிஞ்சியது. மிஞ்சினால் அந்த மனிதர் சும்மா இருப்பாரா? பல்புகளுக்குச் சுற்றினார். லயமே மாம்பழக் கடை போல மஞ்சளாகிவிட்டது. அடுத்து பாக்கியத்தின் வீட்டு டிவிக்கு ஒட்டினார். அன்று அந்தியில் கிரிக்கெட் போட்டி. மஞ்சள் தாளுக்குப் பின்னால் இரண்டு அணியும் ஒரே நிறத்தில் ஓடின. யார் நம்மவர், யார் எதிராளி என்று தெரியாமல் எந்த விக்கெட் விழுந்தாலும் எல்லோரும் கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்து, நாம் தோற்றுப்போன செய்தி மறுநாள் பேப்பரில்தான் தெரிந்தது. அந்த ஒரு இரவாவது கவலை இல்லாமல் தூங்கினார்கள் என்று கங்காணி அதையும் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நீல வெளிச்சத்திலிருந்து அவர் நீல நிறத்துக்கே பாய்ந்தார். விறகை மூடிய நீல ரப்பர் சீட்டைத் திருப்பிப் போட்டார். நீல வாளிகளை அந்தியானதும் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நான் ஒரு நாள் நல்ல மயில்நீலச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். ஆசையாக வாங்கிய சேலை. வழிமறித்து நின்றார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மணிக்குப் பிறகு இந்தச் சேலை வேணாம்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "சேலையில எங்கேருந்து வெளிச்சம் வருது கங்காணியாரே? வெளிச்சம்தான் நீலமா இருக்கக்கூடாது. பொருள் எந்த நிறத்துல இருந்தா என்ன?"

"இன்னைக்குச் சேலையை விட்டா நாளைக்கு வெளிச்சத்தையும் விடணும் டீச்சர். கண்டிப்புன்னா கண்டிப்பு."

அன்றிலிருந்து ஒரு வாரம் வேண்டுமென்றே தினமும் நீலம் கட்டினேன். என்னைக் கண்டால் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு போவார். மழை விட்டு வானம் பளிச்சென்று நீலமாகத் தெளிந்த ஒரு பின்னேரத்தில்தான் தலையை நிமிர்த்தி அந்த வானத்தை அதட்டினார். வானம் ஒன்றும் பதில் சொல்லவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கோயில் கதையைக் கேளுங்கள். தோட்டத்து முருகன் கோயிலில் சுதை மயில் ஒன்று உண்டு, கழுத்து நல்ல நீலம். ஆறு மணிக்குப் பிறகு அதன் மேல் மஞ்சள் துணியைப் போர்த்திவிட்டார். பூசாரி கொதித்துப் போய் ஓடி வந்தார்.

"கங்காணி, அது சாமியோட வாகனம். அதைப் போய் மூடலாமா?"

"சாமி நடை சாத்தினா எங்கயாச்சும் போறாரா?"

"இல்ல."

"அப்ப வண்டியை மூடி வைக்கிறதுல என்ன தப்பு? தொரையோட ஜீப்பையே கவர் போட்டுத்தானே வைக்கிறாங்க."

பூசாரி மயிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். துணியை மட்டும் பட்டுத் துணியாக மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்த சம்பவம் பாக்கியத்தின் மகள் ரேணுகாவின் சம்பந்தம். மாப்பிள்ளை எல்லவில் ஒரு ஹோட்டலில் வேலை. நேரில் வருவதற்கு முன்னால் பெண்ணை ஒரு தடவை வீடியோவில் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா ஏழு மணிக்குக் கோல் எடுத்தார். ரேணுகா தலை நிறையப் பூவோடு உட்கார்ந்தாள். மேலே மஞ்சள் தாள் சுற்றிய பல்ப். போனின் கமராக் கண்ணையும் சேர்த்து மூடிய மஞ்சள் தாள். கங்காணி தாளைக் கொஞ்சம் தாராளமாக ஒட்டியிருந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு முகம் திரையை முட்டும் அளவுக்கு நெருங்கி வந்தது. பிறகு அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "பொண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கா?"

வீட்டில் சும்மா இருப்பதைக் கேட்கிறார் என்று பாக்கியம் நினைத்துவிட்டாள். "படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷமா இப்படித்தாங்க."

"ரெண்டு வருஷமாவா? டாக்டர்கிட்ட காட்டலையா?"

"எதுக்குங்க டாக்டர்? நல்லா சாப்பிடுறா, தூங்குறா."

"கண்ணு கூட மஞ்சளா இருக்கே. காமாலையைப் போய் இப்படி விடலாமா?"

அப்போதுதான் வாசலில் நின்ற கங்காணிக்கு விஷயம் புரிந்தது. நல்லது செய்வதாக நினைத்து உள்ளே பாய்ந்து, போனுக்கு முன்னால் தலையை நீட்டினார். "அம்மா, பயப்படாதீங்க. அது நான் வச்ச மஞ்சள்."

"பொண்ணுக்கு மஞ்சள் வைக்கிறதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கோலை வெட்டினார்.

பாக்கியம் மூன்று நாள் கங்காணியோடு பேசவில்லை. மலையில் அவர் ஏதாவது சொன்னால் பக்கத்துச் செடியைப் பார்த்துப் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள், கையில் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு. பெண் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள் இல்லை. பாவம் நல்ல பெண், மருந்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று வந்த நல்ல மனிதர்கள். பகல் வெளிச்சத்தில் ரேணுகாவைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். கொண்டு வந்த கீழாநெல்லி வீணாகக்கூடாது என்று பாக்கியம் அதை அரைத்து, ஒரு சொம்பு நிறையக் கங்காணியைக் குடிக்க வைத்தாள். அவரும் மூச்சு விடாமல் குடித்தார். அத்தோடு சமாதானம்.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் சும்மா சொல்லக்கூடாது, ஆட்கள் தூங்க ஆரம்பித்தார்கள். நீலம் போனதால் மூளைக்குள் அந்த ஹோன் அடித்ததா, இல்லை மஞ்சள் முகத்தோடு அழுகிற நாடக நாயகியைப் பார்க்கச் சகிக்காமல் போனை மூடி வைத்தார்களா, எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வெளிச்சம் மங்கிய வீட்டில் வேறு செய்வதற்கு என்ன இருக்கிறது, கொட்டாவிதான் வரும். மூன்றாவது வாரத்தில் கதவைத் தட்டியதும் உண்மையாகவே எழும்பினார்கள். பிந்தி வருபவர்கள் பத்திலிருந்து ஐந்தானார்கள், ஐந்திலிருந்து ஒருவரானார்கள்.

கங்காணி மட்டும் நாளுக்கு நாள் வாடினார். கண் இரண்டும் கோவைப்பழம். ஒரு நாள் கம்பை ஊன்றி நின்றபடியே தூங்கியிருக்கிறார். பெண்கள் அந்த நிரையை முடித்துவிட்டு அடுத்த மலைக்கே போய்விட்டார்கள். இவர் அரைக்கண்ணைத் திறந்து, முன்னால் நின்ற தேயிலைச் செடிகளைப் பார்த்து, "பேச்சை நிப்பாட்டிட்டுக் கையை வேகமாப் போடுங்க" என்று வெகுநேரம் அதட்டிக்கொண்டு இருந்தாராம்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. அந்திப் பெரட்டு முடிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"கங்காணியாரே, உங்க போன் எங்க?"

"பெரட்டு எடுக்கிறவனுக்குப் பெரட்டு கிடையாது டீச்சர்."

அவர் சட்டைப் பையிலிருந்து பாக்கியம் அதை எடுத்த வேகத்தை நான் பார்க்கவில்லை, அவள் கையில் இருந்ததைத்தான் பார்த்தேன். திரையைத் தட்டினாள். வாசலே வெளுத்துப் போகும்படி ஒரு வெளிச்சம். மஞ்சள் மருந்துக்கும் இல்லை.

"இதுக்கு எத்தனை அரைப்பேர் போடுறது?" என்று பாக்கியம் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அவ வேலை முடிச்சுக் கோல் எடுக்கையில நமக்கு மணி ஒண்ணு, ஒண்ணரை ஆயிரும்" என்றார். "மொத நாளே என் போனுக்கும் மஞ்சள் வச்சுத்தான் பார்த்தேன். அவ மொகம் மஞ்சளாத் தெரிஞ்சுது. நான் வச்ச மஞ்சள்தான், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மனசு கேக்கல. சுகமில்லாம இருந்துக்கிட்டு சொல்லாம மறைக்கிறாளோன்னு விடியிற வரைக்கும் அதே யோசனை. காலையிலயே எடுத்துட்டேன்."

மூன்று வருடமாக ஒன்றரை மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு எழும்பும் மனிதர்தான் இந்த மாதம் முழுக்க எங்களை எல்லாம் தூங்க வைக்கப் பாடுபட்டிருக்கிறார். ஒரு வாரம் நீலச் சேலை கட்டி அவரைச் சீண்டியவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாக்கியம் போனை அவர் பையில் திரும்பப் போட்டாள். உள்ளே போய்த் தன் போனில் குவைத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். லயத்துச் சுவரில் எல்லாம் கேட்குமே, எனக்கும் கேட்டது. "மதினி, நான் பாக்கியம் பேசுறேன். உங்க வீட்டுக்காரர் தேயிலைச் செடிக்குப் புத்தி சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. நாளன்னைக்குத் தொரை வர்றாரு, அன்னைக்கு இவரு நிமிந்து நிக்கணும். எப்படியாச்சும் மேடம்கிட்ட கேட்டு அந்திக்கே பேசுங்க."

மறுநாள், அதாவது சின்னத்தொரை வருவதற்கு முந்திய நாள், பெரட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஏழு மணிக்குக் கங்காணியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் கொப்பியை என் மடியில் போட்டுவிட்டுப் பீலிக்கரைக்கு ஓடினார். தண்ணீர் பிடிக்கும் அந்த இடத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். தண்ணீர் விழும் சத்தத்தையும் மீறி அவர் பேச்சு எங்களுக்குக் கேட்டது. சாப்பிட்டாயா, கால் வலி எப்படி இருக்கிறது, மேடம் திட்டவில்லையே, பிறகு மறுபடியும் சாப்பிட்டாயா. இந்த மூன்று கேள்வியும்தான் சுற்றிச் சுற்றி வந்தன. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினார்.

"மொகத்தை நல்லாப் பார்த்தாச்சு டீச்சர். இனி இதுக்கும் மஞ்சள் வச்சுருங்க."

வைத்தேன். தன் கையாலேயே கொப்பியில் தன் போனுக்கு முழுப்பேர் எழுதிவிட்டு, எட்டரைக்குக் கதவைச் சாத்தினார்.

காலை நாலரைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டாமலே இருபத்து நாலு பேரும் எழும்பி, ரொட்டி சுட்டு, முகம் கழுவிக் கிளம்பிவிட்டார்கள். கங்காணி வீட்டுக் கதவு மட்டும் சாத்தியபடி இருந்தது. உள்ளேயிருந்து குறட்டை. பாக்கியம் தட்டினாள். நான் தட்டினேன். கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தோளைப் பிடித்து உலுக்கினோம். மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"கங்காணியாரே, தொரை வந்திருவாரு. ஹோன் அடிக்கப் போகுது" என்று பாக்கியம் காதுக்குள் கத்தினாள்.

"கேக்குது" என்றார் கண்ணைத் திறக்காமல். "நல்லாக் கேக்குது. மோன்னு."

முகத்தில் தண்ணீர் தெளித்தோம். தூக்கத்திலேயே "மழைக்குத் தலையில சாக்குக் கொங்காணியப் போட்டுக்குங்க" என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார். அதற்கு மேல் நிற்க நேரமில்லை. நின்றிருந்தால் இருபத்து நாலு பேரும் பிந்தியிருப்பார்கள். ஓடினோம். நானும்தான், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

பெரட்டுக் களத்தில் இருபத்து நாலு பேரும் நூல் பிடித்த மாதிரி நின்ற பிறகுதான் ஹோன் அடித்தது. சின்னத்தொரை எண்ணிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் எண்ணினார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "கங்காணி எங்கே?"

"கோயிலுக்குப் போயிருக்காரு" என்று ஒருத்தி சொன்னாள். "வயித்துவலி" என்றாள் இன்னொருத்தி. பட்டன் போன் கிழவர், "டவுனுக்கு" என்றார். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன.

"மூணு இடத்துலயும் இருக்காரா?" என்றார் சின்னத்தொரை. "ஒரு ஆள் குறைஞ்சாலும் என்னன்னு சொல்லியிருந்தேன்?"

பாக்கியம் முன்னால் வந்தாள்.

"உங்க ஆள்கள் இருபத்து நாலு பேருன்னுதானே தொரை சொன்னீங்க? அவரோட ஆள்கள் நாங்கதான். எண்ணிப் பாருங்க, ஒண்ணும் குறையல. கங்காணியையும் சேத்து எண்ணுவேன்னு நீங்க சொல்லவே இல்லையே."

சின்னத்தொரை வரிசையை இன்னொரு தடவை கண்ணால் அளந்தார். பிறகு கேட்டார். "பத்துப் பேர் பிந்தி வர்ற கூட்டம் இது. இன்னைக்கு எப்படி வந்தீங்க?"

"தூங்கினோம் தொரை. அவருதான் ஒரு மாசமா எங்களை எல்லாம் தூங்க வச்சாரு."

"அவரு?"

"அவரோட முறை நேத்துதான் வந்துச்சு. மூணு வருஷத்துத் தூக்கம், எழுப்பிப் பாத்தோம், முடியல."

சின்னத்தொரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு பதிவுக் கொப்பியோடு நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "கங்காணிக்கு அரைப்பேர் போடுங்க" என்றார். வேலை போகவில்லை. பட்டமும் போகவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு எழும்பியவர் பள்ளிக்கூடத்துக்கே ஓடி வந்துவிட்டார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு.

"டீச்சர், பெரட்டு?"

"எல்லாரும் நேரத்துக்கு வந்தாங்க."

"எனக்கு?"

"அரைப்பேர்."

அவர் முகம் மலர்ந்தது. "சரிதானே? சட்டம்னா எல்லாருக்கும்தான்."

அன்று அந்திப் பெரட்டுக்கு ஒரு புதுப் போன் வந்தது. சின்னத்தொரையின் போன், பங்களாக் காவல்காரர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். கங்காணி அதைச் சாக்கின் மேல் தனியாக, மரியாதையாக நிமிர்த்தி வைத்தார். திரையைத் தட்டிப் பார்த்தார். வெள்ளை. ஒரு கணம் கூடத் தயங்காமல் அரைப்பேர் போட்டார்.

நான் இப்போது மாற்றலாகிப் பதுளை டவுனுக்கு வந்துவிட்டேன். ஜன்னலுக்கு எதிரே ஒரு கடைப்பலகை நீலமாக எரிகிறது, விடிகிற வரைக்கும். திரைச்சீலை வாங்கி மாட்டினேன், மஞ்சளில். கங்காணியாரின் மனைவி குவைத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கங்காணி போனுக்குப் பெரட்டு எடுப்பது இப்போது அந்த அம்மாதானாம்.

ஆனால் கொப்பியிலிருந்து என் பெயரைக் கங்காணி வெட்டவில்லை. தினமும் அந்தி ஆறரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். "டீச்சர் போன்?" நான், "வந்திருக்கு கங்காணியாரே, மஞ்சளாத்தான் இருக்கு" என்று பதில் போட வேண்டும். உடனே, "முழுப்பேர்" என்று வரும். சில நாட்களில் நான் வேண்டுமென்றே பிந்திப் பதில் போடுகிறேன். அவர் இன்னொரு தடவை கேட்கட்டும் என்றுதான்.